நூல் கட்டிய காந்தம்

என் அலமாரியில் ஒரு லாடக் காந்தம் இருக்கிறது. அதன் இரண்டு முனைகளையும் சேர்த்தாற்போல ஒரு சின்ன இரும்புத் துண்டு. அந்தத் துண்டு கீழே விழாமல் இருக்க, தையல் நூலை நாலைந்து சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறேன். பார்த்தவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். சிரிக்க வேண்டியதுதான். காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்துப் பென்ஷன் வாங்குகிறவள், காந்தத்தோடு இரும்பைச் சேர்த்துவைக்க நூல் தேடுகிறாள் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? நூல் இற்றுப்போகும்போதெல்லாம் புது நூல் மாற்றுகிறேன். இந்தக் கதையை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

காந்தம் என் அண்ணனுடையது. எங்கள் அப்பா காலத்திலேயே திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மட்டாஞ்சேரிக்கு வந்து வேரூன்றிவிட்ட குடும்பம். வீட்டில் பேசுவது தமிழ் என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அண்ணன் கொச்சங்காடியில் ஒரு பழைய இரும்புக் கிடங்கில் வேலை பார்த்தார். கப்பல்களிலும் படகுகளிலும் கழித்துக்கட்டிய சாமான்கள் அங்கே மலையாகக் குவியும். எல்லாவற்றின் மீதும் தாரும் பெயின்டும் உப்பும் அப்பியிருக்கும். எது இரும்பு, எது பித்தளை, எது செம்பு என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சுரண்டிப் பார்க்க நேரமும் கிடையாது. அதற்குத்தான் காந்தம். இடுப்பில் கயிற்றில் தொங்கும் காந்தத்தை எடுத்துச் சாமான் மீது வைப்பார்கள். ஒட்டினால் இரும்புக் குவியல். ஒட்டாவிட்டால் தனியே எடுத்துவைத்து, சுரண்டி, தட்டி, பிறகு தீர்மானிப்பார்கள். அந்தக் கிடங்கில் எல்லோருக்கும் அதுதான் சட்டம். ஒட்டியதை யாரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை.

அண்ணனுக்குச் சின்ன வயதில் அம்மை போட்டு இடது கண்ணில் பூ விழுந்துவிட்டது. அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் கூடத் தெரியாது. வலது கண் மட்டும் நல்ல கண். அதை வைத்துக்கொண்டு அவர் கல்யாணம் செய்துகொண்டார், என்னைப் படிக்கவைத்தார், ஞாயிற்றுக்கிழமைகளில் சினிமாவுக்கும் அழைத்துப்போனார். “எனக்கு ஒத்தக் கண்ணு சம்பளம், ரெட்டக் கண்ணு ஜோலி” என்று அவரே சொல்லிச் சிரிப்பார். மதினி அந்தப் பேச்சை ரசிக்க மாட்டாள். கண்ணைப் பற்றி யாரும் விளையாட்டாகப் பேசக்கூடாது என்பது அவளுடைய சட்டம். நான் அவர்களோடுதான் இருந்தேன். கல்யாணம் ஆகாத நாத்தனாரை வைத்துக்கொண்டு முகம் சுளிக்காத மதினிகள் அன்றைக்கும் அதிகம் பேர் இல்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் பக்கத்திலிருந்த பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்தேன். ஒவ்வொரு வருடமும் காந்தப் பாடம் வரும்போது அண்ணனிடம் காந்தத்தை இரவல் கேட்பேன். பள்ளிக்கூடத்தில் காந்தம் இல்லாமல் இல்லை. மரப்பெட்டியில் சட்டக் காந்தங்கள் இரண்டு இருந்தன. வடமுனையோடு வடமுனையைச் சேர்த்து யாரோ கன்னாபின்னாவென்று அடுக்கி, கீழே போட்டு, போட்டு, அவற்றின் வலு எப்போதோ போய்விட்டது. ஒரு குண்டூசியைத் தூக்கவே திணறும். காந்தத்தைத் தட்டக்கூடாது, கீழே போடக்கூடாது, சூடாக்கக்கூடாது, முனைகளுக்குக் குறுக்கே இரும்பு வைக்காமல் சும்மா கிடத்தக்கூடாது என்று பாடம் நடத்துவதற்கு அந்த இரண்டு காந்தங்களும் நல்ல உதாரணம். வேறு எதற்கும் உதவாது. அண்ணனுடைய காந்தமோ ஏதோ பழைய இயந்திரத்திலிருந்து கழற்றியது. கைப்பிடியளவுதான் இருக்கும். அதைக் கொண்டுபோய் மேசையில் வைத்தால் பெண்கள் கழற்றிப் பக்கத்தில் வைத்த தலைப் பின்கள் எழுந்து வந்து ஒட்டிக்கொள்ளும்.

“உங்க பொஸ்தகத்துல காந்தம் எத்தன பக்கம் டீச்சரே?” என்று கொடுக்கும்போது கேட்பார். வீட்டில் என்னை டீச்சர் என்று கூப்பிட்டுக் கேலி செய்வது அவருக்கு ஒரு சுகம்.

“ரெண்டு பக்கம்.”

“ரெண்டு பக்கத்த வெச்சு மாசம் முழுக்க ஒப்பேத்தறியே, மிடுக்கிதான், பலே கெட்டிக்காரி.”

அந்தப் பாடத்தில் பெண்களுக்கு மிகவும் பிடித்த சோதனை ஒன்று உண்டு. மதினியிடம் செம்புத் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டு போவேன். தாம்பாளத்தில் ஆணிகளைப் பரப்பிவைத்து, அடியில் காந்தத்தை நகர்த்துவேன். மேலே ஆணிகள் எறும்பு வரிசை போல ஊர்ந்து போகும். காந்தம் செம்பை இழுக்காது. ஆனால் செம்பு நடுவில் இருக்கிறது என்பதற்காக அது இரும்பை விட்டுவிடவும் செய்யாது. காகிதம், மரம், கண்ணாடி, செம்பு எதுவானாலும் அதைத் தாண்டிப்போய் அந்தப் பக்கம் உள்ள இரும்பைப் பிடிக்கும். பெண்கள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். எனக்கும் ஒவ்வொரு வருடமும் அது புதிதாகத்தான் இருந்தது.

மழைக்காலத்துக்குச் சற்று முன்பு, ஒரு மத்தியான நேரத்தில், அண்ணனைக் கிடங்கில் சுமை எடுக்கும் சேட்டன் ஒருவர் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துவந்தார். வலது கண் மேல் துண்டு. பெரிய ரத்தம் ஒன்றும் இல்லை. கப்பலின் பம்பிலிருந்து வந்த ஒரு தண்டை, நீளம் அதிகம் என்று, உளி வைத்து வெட்டியிருக்கிறார். சம்மட்டி விழுந்த நேரத்தில் ஏதோ ஒன்று கண்ணில் வந்து பட்டது. “ஒரு பொடி கேறியிருக்கு. கழுவுனா செரியாவும்” என்றார் அண்ணன். பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றிருந்தவள் கண்ணில் விடத் தாய்ப்பால் பீய்ச்சிக் கொண்டுவந்தாள். நான் அவளைக் கோபித்துத் திருப்பி அனுப்பினேன். மதினி வாசலில் நின்றவள் நின்றவள்தான், உள்ளே வரவில்லை. நல்ல கண்ணில் பட்டிருக்கிறது என்பது அவளுக்கு மட்டும்தான் அந்த நிமிடமே உறைத்திருக்கிறது.

மறுநாள் படகேறி எறணாகுளம் போனோம். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். கருவிழிக்குப் பின்னால், கண்ணின் உள்ளே, கடுகில் பாதியளவு ஒரு புள்ளி. உலோகம்தான் என்பது படத்தில் தெரியும், என்ன உலோகம் என்பது தெரியாது. கண் டாக்டர் வயதானவர், மெதுவாகப் பேசுகிறவர். எதை வெட்டிக்கொண்டிருந்தாய், உறுதியாக இரும்புதானா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அண்ணன் கொஞ்சம் ரோஷத்தோடு சொன்னார்: “சாரே, காந்தம் வெச்சு நோக்கினதாக்கும். நல்லாப் பிடிச்சுது. எனக்கு அது தெரியாம இருக்குமா?”

டாக்டர் முகம் தெளிந்தது. இரும்பாக இருந்தால் கத்தி வைத்துத் தேட வேண்டாம், மின்காந்தத்தால் வெளியே இழுத்துவிடலாம், கண் பிழைத்துக்கொள்ளும் என்றார். இப்படி எத்தனையோ பேருக்கு எடுத்திருக்கிறாராம். அன்று படகில் திரும்பும்போது நாங்கள் மூன்று பேரும் கல்யாண வீட்டுக்குப் போய் வருகிறவர்களைப் போல இருந்தோம். மதினி கோயிலுக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டாள். நான் மின்காந்தம் எப்படி வேலை செய்யும் என்று அவளுக்கு விளக்கினேன். கம்பிச் சுருளில் மின்சாரம் ஓடும்வரை உள்ளே இருக்கும் இரும்பு காந்தம், நிறுத்தினால் வெறும் இரும்பு. “ஏதோ ஒண்ணு, எடுத்தாப் போதும்” என்றாள் மதினி. நான் சொல்லிக்கொடுக்கும் இரண்டு பக்கப் பாடம் என் அண்ணன் கண்ணைக் காப்பாற்றப் போகிறது என்று எனக்கு மனதுக்குள் ஒரு பெருமிதம் வேறு.

காந்தம் இருந்த அறை வாசலில் நர்ஸ் என்னை நிறுத்தி, புடவையில் குத்தியிருந்த பின்னையும் தலையில் இருந்தவற்றையும் கழற்றச் சொன்னாள். மதினியிடம் சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டாள். கதவு பாதி திறந்திருந்தது. அண்ணனை மல்லாத்திப் படுக்கவைத்திருந்தார்கள். கூம்பு போன்ற தடித்த இரும்பு முனை ஒன்று அவர் கண்ணுக்கு மேலே இறங்கி நின்றது. டாக்டர் மலையாளத்தில் சொன்னார்: உள்ளே இருக்கும் துண்டு காந்தத்தை நோக்கி நகரும், நகர்ந்தால் சுருக்கென்று வலிக்கும், வலித்தால் உடனே சொல்ல வேண்டும், வலிதான் நல்ல செய்தி. சுவிட்சைப் போட்டார். அறையில் ஒரு முனகல் சத்தம்.

“வேதன உண்டோ?”

“இல்ல சாரே.”

சுவிட்சை அணைத்து, முனையை இன்னும் நெருக்கமாகக் கொண்டுபோய், மறுபடி போட்டார்.

“இப்போ?”

“இல்ல.”

டாக்டர் பக்கவாட்டிலிருந்து முயன்றார். கீழேயிருந்து முயன்றார். ஒவ்வொரு முறையும் அதே கேள்வி, அதே பதில். ஒரு மனிதனுக்கு வலிக்க வேண்டும் என்று அவனுடைய பெண்டாட்டியும் தங்கையும் கைகூப்பிக்கொண்டு வேண்டி நிற்பதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். கடைசியில் டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தபோது, அண்ணன் அவசரமாகச் சொன்னார்: “உண்டு சாரே. இத்திரி உண்டு. இப்போ இழுக்குது.” இத்திரி என்றால் எங்கள் பக்கத்தில் கொஞ்சம் என்று அர்த்தம். டாக்டர் அவரைப் பார்த்தார், பிறகு சுவிட்சைப் பார்த்தார். சுவிட்ச் அணைந்திருந்தது. படுத்திருந்த அண்ணனுக்கு அது தெரியாது. வாசலில் நின்ற எனக்குத் தெரிந்தது. டாக்டர் அவர் தோளில் கை வைத்தார்.

வெளியே வந்து டாக்டர் என்னிடம் சொன்னார்: அது இரும்பாக இருக்காது. கத்தி வைத்துத் தேடினால் இருக்கும் பார்வையும் போய்விடலாம். இன்னொரு கண் நன்றாக இருந்தால் துணிந்து பார்ப்பேன், இதில் எனக்குத் தைரியம் இல்லை. மருந்து தருகிறேன், எத்தனை நாள் வெளிச்சம் இருக்கிறதோ இருக்கட்டும். உண்மையைப் பேசிய மனிதர் மீது கோபித்துக்கொள்ள வழியில்லை. எனக்குக் கோபம் வந்தது, அதை எங்கே இறக்கிவைப்பது என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் கொச்சங்காடிக்குப் போனேன். அந்தத் தண்டு இரும்புக் குவியலிலேயே கிடந்தது. உளி பாதிவரை இறங்கிய இடத்தில் பளிச்சென்று தெரிந்தது. உள்ளே சாம்பல் நிற இரும்பு. அதைச் சுற்றி, தாருக்கு அடியில், நகத்தின் தடிமனுக்குச் சிவந்த ஒரு வளையம். கடல் தண்ணீர் அரிக்காமல் இருப்பதற்காக இரும்புத் தண்டுக்குச் செம்பு உறை போட்டிருக்கிறார்கள். அண்ணனுடைய காந்தம் உறையைத் தாண்டிப்போய் உள்ளே இருந்த இரும்பைப் பிடித்திருக்கிறது. ஒட்டினால் இரும்பு. தெறித்ததோ உறை. மதினியின் தாம்பாளத்தில் வருடா வருடம் நான் செய்து காட்டியது இதைத்தான். அங்கே நின்றுகொண்டு எவ்வளவு நேரம் அந்தச் சிவப்பு வளையத்தைப் பார்த்தேன் என்று தெரியாது. சேட்டன் வந்து ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

தண்டைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து அண்ணனிடம் காட்டினேன். மங்கலாக அப்போது பார்வை இருந்தது. தண்டைக் கையில் வாங்கி, தடவிப் பார்த்து, இடுப்பிலிருந்த காந்தத்தை எடுத்து அதன் மேல் வைத்தார். டக்கென்று ஒட்டியது.

“நோக்கு. பிடிக்குதே. அந்த டாக்டர் காந்தத்துக்குச் சக்தி போதாது.”

நான் இடுக்கியை எடுத்துவந்தேன். உளி வெட்டிய இடத்தில் பிசிறாகத் தொங்கிய உறையிலிருந்து ஒரு துணுக்கை இடுக்கியால் பிய்த்து, அவர் உள்ளங்கையில் வைத்தேன். அவர் காந்தத்தை அதன்மேல் கொண்டுபோனார். எடுத்தார். மறுபடி கொண்டுபோனார். துணுக்கு உள்ளங்கையிலேயே கிடந்தது. விரலால் அதை உருட்டிக்கொண்டே இருந்தார். “செம்பா” என்றார் கடைசியில். மதினி அடுப்படியில் இருந்தாள். “அவகிட்டச் சொல்லண்டா, அவளுக்குத் தெரிய வேண்டாம்” என்றார்.

நான் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தது சரியா தப்பா என்று யோசிக்கிற அளவுக்குக்கூட எனக்கு அப்போது தெம்பில்லை.

அதற்கப்புறம் தினமும் சாயங்காலம், சாயா குடிக்கும் நேரத்துக்கு முன்னால், ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அண்ணன் வலது கண்ணை மூடி, இமையின் மேல் காந்தத்தை வைத்துக்கொள்வார். மதினி சாயாவைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுக் கேட்பாள்:

“இன்னிக்கி வலிச்சுதாங்க?”

“இத்திரி வலிச்சுது. இழுக்குதுன்னு தோணுது.”

“அப்ப செரியாவும்.”

எனக்கு அந்த நேரத்தில் வீட்டில் இருக்கவே பிடிக்காது. உலகத்தில் உள்ள காந்தத்தையெல்லாம் கட்டி இழுத்து வந்தாலும் அந்தத் துணுக்கு நகராது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒருநாள் தாங்காமல், மதினி கடைக்குப் போயிருந்த நேரத்தில் கேட்டுவிட்டேன். “அண்ணே, செம்புன்னு தெரிஞ்சாச்சே. பின்ன எதுக்கு இது?”

“அவ தேங்காய் நேர்ந்திருக்கா” என்றார். “நான் வெக்கலேன்னா அவ என்ன நெனைப்பா? இவரு கைவிட்டாச்சுன்னு நெனைப்பா. வெச்சா ஒண்ணும் கொறையாதில்ல.”

அந்த மழை முடிவதற்குள் எழுத்து தெரியாமல் போயிற்று. பிறகு முகங்கள். ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது மட்டும் கொஞ்சகாலம் தெரிந்தது. அதுவும் போன பிறகும் காந்தம் வைப்பது நிற்கவில்லை. கைதவறி அது எத்தனையோ முறை தரையில் விழுந்தது. முனைகளுக்குக் குறுக்கே வைக்கும் இரும்புத் துண்டை எங்கே வைத்தோம் என்று அவருக்குத் தெரியாது. காந்தம் சும்மாவே கிடக்கும். மதினி ஒருநாள் அதை அடுப்புப் பக்கத்துச் சூட்டிலும் வைத்துவிட்டாள். நான் வகுப்பில் எதையெதையெல்லாம் செய்யக்கூடாது என்று சொல்வேனோ அதெல்லாம் என் வீட்டில் நடந்தது. நானும் தடுக்கவில்லை. அந்தக் காந்தத்தை நான் மறுபடி இரவல் கேட்கவும் இல்லை. தாம்பாளச் சோதனையை வாயால் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன்.

அண்ணன் அப்புறம் அதிக வருடம் இல்லை. கண்ணால் சாகவில்லை. காய்ச்சலில் போனார். ஆனால் கண் போன அன்றைக்கே அவரில் பாதி கிளம்பிவிட்டது என்று நான் நினைக்கிறேன். கிடங்கிலிருந்து எல்லோரும் வந்தார்கள். காரியமெல்லாம் முடிந்து வீடு காலியானபின், மதினி காந்தத்தை எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள். இரும்புத் துண்டையும் எங்கிருந்தோ தேடி எடுத்திருந்தாள்.

“நீயே வெச்சுக்கோ. உனக்காவது பாடத்துக்கு ஆவும்.”

நான் அந்தத் துண்டை முனைகளில் வைத்துப் பார்த்தேன். நழுவி விழுந்தது.

“அதுல சக்தி போயி எத்தனையோ காலமாச்சு” என்றாள் மதினி. “அடுப்பு கிட்ட வெச்சன்னிக்கே ஆணிய வெச்சு நோக்கினேன். ஒட்டல.” பிறகு, சாதாரணமாக, அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்வதைப் போலச் சொன்னாள்: “செம்புன்னும் தெரியும். அன்னிக்கி அடுப்படில இருந்து கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். வலிச்சுதான்னு நான் கேக்கலேன்னா அவரு என்ன நெனைப்பாரு? இவ கைவிட்டாச்சுன்னு நெனைப்பாரு.”

நான் அழுதேன். அவள் அழவில்லை. அண்ணன் போன பிறகு அவளுக்குப் பொய் சொல்லவும் ஆளில்லை, பொய் கேட்கவும் ஆளில்லை. எங்கள் இரண்டு பேரில் அவள்தான் அதிகம் தனியாகிப்போனாள். சில வருடங்களில் அவளும் போய்விட்டாள்.

இப்போது நான் காக்கநாட்டில் ஒரு அடுக்குமாடியில் இருக்கிறேன். சுற்றிலும் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பிள்ளைகள். எதிர்வீட்டுச் சின்னப் பெண்ணுக்குப் பள்ளிக்கூடத்தில் காந்தப் பாடம் வந்திருக்கிறது. போன வாரம் என் அலமாரி முன்னால் வந்து நின்றுகொண்டு, கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. காந்தத்தின் பெயர், வடமுனை, தென்முனை எல்லாம் மலையாளத்தில் ஒப்பித்தாள். எதற்கு நூல் கட்டியிருக்கிறது என்று கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

“ஆன்ட்டி, இது இப்பவும் இழுக்குமா?” என்றாள்.

“இத்திரி இழுக்கும்” என்றேன்.